பாங் நா வளைகுடா ஒருநாள் படகுச் சுற்றுலா: போகலாமா, காசுக்குக் கேடா?

கொக்குவில் பெடியன்:
எல்லோருக்கும் வணக்கம். டிசெம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், அம்மா. அங்கிருந்து பாங் நா வளைகுடாவுக்கு ஒருநாள் படகுச் சுற்றுலா போக யோசனை. காலையில் ஹோட்டலில் வந்து ஏற்றி, பெரிய போட்டில் சுண்ணக்கல் தீவுகளைச் சுற்றிக் காட்டி, கயாக்கில் கடல் குகைகளுக்குள் கூட்டிப்போய், மதியச் சாப்பாடும் தந்து, பொழுதுபடக் கொண்டுவந்து விடுவார்களாம். கந்தோரில் ஒருவர் காசுக்குக் கேடு என்கிறார். இன்னொருவர் அதை விட்டுவிட்டு வந்தால் புக்கெட் போனதே வீண் என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நீச்சல் தெரியாது, சுத்த சைவம். போனவர்கள் சொல்லுங்கள்.

புங்குடுதீவான்:
தம்பி, முதலாமவர் சொன்னதுதான் சரி. நான் போயிருக்கிறேன். போட்டில் ஏறியதும் கையில் ஒரு நிற நாடா கட்டுவார்கள். அப்புறம் அந்த நிறத்தைக் கூப்பிட்டால் இறங்க வேண்டும், கூப்பிட்டால் ஏற வேண்டும். குகை வாசலில் கயாக் வரிசை. உள்ளே போனால் ஒருவரை ஒருவர் இடிக்கிறார்கள். ஜேம்ஸ் பாண்ட் தீவு என்று பெயர்போன இடத்தில் படம் எடுப்பதற்கும் வரிசை. அங்கே எல்லோரும் பார்க்கப் போகும் அந்த ஒற்றைக் கல், கோ தாப்பு, ஏறத்தாழ 20 மீற்றர் உயரம். அடி ஒடுங்கி, மேல் அகன்று நிற்கும். 1998 இலிருந்து படகுகள் அதற்குக் கிட்டப் போகத் தடை. கரையில் நின்று பார்த்துவிட்டுக் கடைகளில் முத்துமாலைக்குப் பேரம் பேசிவிட்டு வர வேண்டியதுதான்.

இன்னொன்றும் கேட்கிறேன். சுண்ணக்கல் பார்க்கப் புக்கெட்டுக்கா போக வேண்டும்? எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல்தானே. குறிகட்டுவான் துறையில் போட் ஏறினால் நயினாதீவு, நெடுந்தீவு. கொக்குவிலில் நெடுந்தீவைக் கண்டவர்கள் எத்தனை பேர்?

புவியியல் ரீச்சர்:
அண்ணை, இரண்டும் சுண்ணக்கல்தான், ஆனால் ஒரே கல் இல்லை. எங்களுடையது மயோசீன் காலத்துக் கல். பூமியின் கணக்கில் இளசு. துளைகள் நிறைந்தது, கிடையாகப் படிந்தது. குடாநாட்டில் பனையைவிட உயரமான நிலம் எங்கே இருக்கிறது? பாங் நாவில் இருப்பது பேர்மியன் காலத்தது, வயது 25 கோடி ஆண்டுக்கு மேல். இறுகிய கல். நிலத்தட்டுகள் நெரிபட்டதில் உடைந்து உயர்ந்தது. அந்த வெடிப்புகளுக்குள் மழைநீர் இறங்கிக் காலம் காலமாகக் கரைத்ததில் மிஞ்சி நிற்பவைதான் நீங்கள் பார்த்த மலைகள். கடைசிப் பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது இடைவெளிகளில் தண்ணீர் புகுந்து அவற்றைத் தீவுகள் ஆக்கிவிட்டது.

எங்கள் கல்லும் கரைகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது நிலத்துக்கு அடியில் ஓட்டை விடுகிறது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். கீரிமலையில் கடல் அலை அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கேணிக்குள் நன்னீர் ஊறுகிறது. எல்லாம் இந்தக் கல்லின் வேலை. எங்கள் குகைகள் காலுக்குக் கீழே தண்ணீர் நிறைந்து கிடக்கின்றன. அவற்றைக் காட்ட யாராலும் போட் விட முடியாது. ஆகவே நெடுந்தீவுக்குப் போகட்டும், பாங் நாவுக்கும் போகட்டும். ஒன்றுக்கு மற்றது பதில் இல்லை.

புங்குடுதீவான்:
பாடம் நல்லாய் இருக்கிறது ரீச்சர். ஆனால் தம்பி கேட்டது போட் பற்றி. நாற்பது ஐம்பது பேரோடு ஏன் போக வேண்டும்? பாங் நா நகரப் பக்கத்துத் துறைகளில் நீளவால் படகை, நீளத் தண்டில் எஞ்சின் பூட்டிய ஒடுங்கிய படகை, வாடகைக்குப் பிடிக்கலாம். குடும்பத்துக்கு ஒரு படகு. விரும்பிய இடத்தில் நிறுத்தலாம், விரும்பாத இடத்தைத் தாண்டலாம். வழிகாட்டி என்று ஒருவர் மைக்கில் பகிடி விட்டுக்கொண்டு வருவதற்கு எதற்குக் காசு?

புவியியல் ரீச்சர்:
மைக்கில் பகிடி விடுபவருக்காக நானும் காசு கொடுக்க மாட்டேன். ஆனால் குகைக்குள் கூட்டிப்போகிறவர் வேறு. அங்கே சில தீவுகளுக்குள் ஹொங் என்று ஒன்று உண்டு. வெளியில் பார்த்தால் முழு மலை. நடுவில் கூரை இடிந்து விழுந்து, வானம் திறந்த ஒரு குளம் இருக்கும். சுற்றிவர நெட்டுக்குத்தான பாறைச் சுவர், அடியில் கண்டல் மரங்கள். கோ பனாக், கோ ஹொங் தீவுகளில் இப்படி இருக்கிறது. உள்ளே போக ஒரே வழி, மலையைத் துளைத்துக்கொண்டு போகும் இருட்டுக் குகை. தலையில் லைற் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும், வௌவால் எச்சம் மணக்கும். கடல் பெருகினால் குகைக் கூரை முகத்தில் இடிக்கும். வற்றினால் கயாக் சேற்றில் தட்டும். இடைப்பட்ட நேரத்தில் மட்டும்தான் உள்ளே போய்வரலாம். சில இடத்தில் கயாக்கில் மல்லாக்கப் படுத்தால்தான் கல்லுக்குக் கீழால் நுழையலாம். எத்தனை மணிக்கு நுழைவது, எத்தனை மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பது துடுப்புப் போடுபவருக்குத் தெரிய வேண்டும். தெரியாதவரோடு போனால் அடுத்த வற்று மட்டும் உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

நீளவால் படகு அகலமான குகைக்குள் ஓடும். தாம் லொட் என்று விழுதுபோல் கல் தொங்கும் ஒரு சுரங்கம், அதற்குள் எஞ்சினோடேயே போகலாம். ஹொங்குக்குள் அது போகாது.

குருநகர் வத்தை:
ரீச்சர் வற்று பெருக்கைப் பற்றிச் சொன்னது முக்கியம். எங்கள் கடலில் இரண்டுக்கும் இரண்டடி வித்தியாசம் வந்தாலே பெரிது. அதனால் எங்கள் ஆட்களுக்கு அதன் வேகம் விளங்காது. அந்தமான் கடல் பக்கம் பறுவம் (பௌர்ணமி), அமாவாசையை ஒட்டி இரண்டரை மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும். தம்பி, போகிற திகதியைப் பஞ்சாங்கத்தில் பாருங்கள். பறுவத்தன்று போயா விடுமுறை என்று போய்விடாதீர்கள். அட்டமி, நவமி, தசமியை ஒட்டிப் போனால் தண்ணீர் இழுவை குறைவு.

கொக்குவில் பெடியன்:
அட்டமி நவமியில் வெளிக்கிடுவோம் என்று அம்மாவிடம் யார் சொல்வது?

புவியியல் ரீச்சர்:
வெளிக்கிடுவது கட்டுநாயக்காவில், அதற்கு நல்ல நாள் பார்த்தால் போதும் என்று சொல்லுங்கள். 

வத்தை அண்ணை சொன்னது இழுவைக்குச் சரி, குகைக்கு முழுக்கச் சரி இல்லை. சில குகைகள் நன்றாக வற்றினால்தான் திறக்கும். அட்டமியை ஒட்டி அவ்வளவு வற்றாது. அதனால்தான் ஒழுங்கான ஆட்கள் இன்றைக்கு எந்தக் குகை, எந்த வரிசை என்று நாளுக்கு நாள் மாற்றுவார்கள். ஒரே நேர அட்டவணையை வருடம் முழுக்க அச்சடித்து வைத்திருப்பவரிடம் ரிக்கற் எடுக்காதீர்கள்.

குருநகர் வத்தை:
அதை ஏற்கிறேன். ஆனால் எனக்குப் பயம் குகை பற்றி இல்லை, போட் பற்றி. 2018 யூலை 5 ஆம் திகதி புக்கெட்டுக்குத் தெற்கே ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். காலநிலை எச்சரிக்கை இருந்தும் போனார்கள். நீந்தத் தெரியாத அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள், அதை யோசியுங்கள்.

ஸ்காபரோ மாமா:
அது யூலை. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் காலம், திறந்த கடல். இவர்கள் போவது டிசெம்பரில். எங்களுக்கு வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் அந்தக் கரை ஒதுக்குப்புறம். பாங் நா மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்த வளைகுடா, பெரும்பகுதி ஆழமும் இல்லை. பயம் காட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால் புக்கெட்டை விட்டு வியட்நாமின் ஹாலோங் போகச் சொல்வேன். 1994 இலேயே உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2023 இல் பக்கத்துக் கட் பா தீவுக் கூட்டத்தையும் சேர்த்தார்கள். அங்கே தீவு ஆயிரக்கணக்கில்.

குருநகர் வத்தை:
மாமா, நல்ல உதாரணம்தான் தந்தீர்கள். ஹாலோங்கும் தீவுகள் மறைத்து நிற்கிற அமைதியான கடல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 2025 யூலை 19 ஆம் திகதி பட்டப்பகலில் திடீர்ச் சூறைக்காற்று வந்து ஒரு சுற்றுலாப் படகைக் கவிழ்த்தது. 35 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பலர் மூடிய அறைக்குள் அகப்பட்டார்கள். ஒதுக்கமான கடல் என்பதை நம்பி உயிர்காப்பு அங்கியைக் கழற்றிக் கதிரையில் போடுகிற பழக்கம்தான் என் பிரச்சினை. மேல்தட்டில், திறந்த இடத்தில் இருங்கள். அங்கியைப் போட்டுக்கொண்டே இருங்கள். மகளுக்குச் சின்ன அளவு இருக்கிறதா என்று ரிக்கற் எடுக்க முன்பே கேளுங்கள்.

ஸ்காபரோ மாமா:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஹாலோங் டிசெம்பரில் குளிர். அம்மாவோடு என்றால் புக்கெட்டே இருக்கட்டும்.

அளவெட்டி அக்கா:
சாப்பாடு பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. பல சுற்றுலாக்கள் மதியத்துக்குக் கோ பன்யி தீவில் நிறுத்தும். கடலுக்குள் மரக்கால் நட்டுக் கட்டிய முஸ்லிம் மீனவர் கிராமம். பள்ளிவாசல் இருக்கிறது, பிள்ளைகளுக்கு மிதக்கும் பந்துத் திடல்கூட இருக்கிறது. பார்க்க நல்ல இடம். ஆனால் தாய்லாந்தில் மரக்கறி என்று கேட்டால் மரக்கறிதான் தருவார்கள், அதற்குள் மீன் சாறு ஊற்றியிருக்கும். "ஜே" என்று கேளுங்கள். அப்போது மீன், முட்டை ஒன்றும் சேராது. அதையும் முதல்நாளே சொல்லி வையுங்கள். நான் என்றால் அம்மாவுக்கு இடியப்பமும் ஒரு போத்தல் பச்சைமிளகாய்ச் சம்பலும் கட்டிக்கொண்டு போவேன், யார் என்ன சொன்னாலும்.

புங்குடுதீவான்:
கோ பன்யியை நல்ல இடம் என்கிறீர்கள் அக்கா. நான் அதைக் கண்டுதான் மனம் கசந்து வந்தேன். மீன் பிடித்த ஊர். இன்றைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குப் போட் போட்டாய் ஆட்கள் இறங்குகிறார்கள், தின்கிறார்கள், ஒரு மணித்தியாலத்தில் போய்விடுகிறார்கள். நாளைக்கு எங்கள் தீவகத்துக்கும் இப்படி ஒரு சுற்றுலா வரும். நெடுந்தீவுக் குதிரையைத் துரத்திப் படம் எடுப்பார்கள், பெருக்கு (பாவோபாப்) மரத்தில் பெயர் வெட்டுவார்கள், பவளக்கல் மதிலில் ஏறி நிற்பார்கள். இந்தச் சுற்றுலா முறையையே நாங்கள் ஊக்குவிக்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு.

புவியியல் ரீச்சர்:
பெருக்கு மரத்தில் இப்போதே பெயர் வெட்டியிருக்கிறது அண்ணை. அதை வெட்டியவர்களைச் சுற்றுலா நிறுவனம் கூட்டிவரவில்லை. கேட்க ஆள் இல்லாமல் தாங்களாகவே வந்தவர்கள்தான்.

அளவுகடந்தால் கெடும் என்பது உண்மை. புக்கெட்டுக்குக் கிழக்கே பீ பீ தீவுகளில் மாயா கடற்கரை அப்படித்தான் கெட்டது. பவளப்பாறை சிதைந்து 2018 இல் மூடினார்கள். 2022 சனவரியில் திறந்தபோது படகுகள் முன்பக்கம் வரக் கூடாது, பின்பக்கம் இறங்கி நடந்துதான் வர வேண்டும், ஒரு தடவைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு போட்டார்கள். இடைக்காலத்தில் கறுப்புத்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்தன. பொறுப்பான ஒருவர் கூட வந்தால்தான் இந்த மாதிரிக் கட்டுப்பாடு நடக்கும். தனிப்படகில் போகிறவரை யார் கேட்பது?

குருநகர் வத்தை:
தீவகத்தில் படகுச் சுற்றுலா என்று தொடங்கினால் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கடல் வெறும் தண்ணீர் இல்லை. பண்ணையில் இருந்து மண்டைதீவு வரை பாருங்கள், சிறகுவலை, களங்கண்ணி என்று மீன்பிடி வலைகள் கட்டிக் கிடக்கும். இடுப்பளவு ஆழத்தில் பெரிய எஞ்சின் போட் ஓடினால் யாருடைய வலை கிழியும்? வழிகாட்டி வேண்டும் என்றால் அந்தக் கடலில் வலை போடுகிறவனை வழிகாட்டி ஆக்குங்கள். கொழும்பில் இருந்து மைக்கோடு வருகிறவரை வேண்டாம்.

புங்குடுதீவான்:
இந்த ஒரு பதிவுக்கு நான் கையெழுத்துப் போடுவேன். ஆனால் வத்தை, நீங்கள் சொல்வது வழிகாட்டி வேண்டும் என்ற கட்சிக்குத்தான் போகிறது.

குருநகர் வத்தை:
போகட்டும். நான் எந்தக் கட்சியும் இல்லை.

கொக்குவில் பெடியன்:
எல்லோருக்கும் நன்றி. வாசித்துவிட்டு நேற்று இரண்டு மூன்று இடங்களுக்கு எழுதிக் கேட்டேன். பெரிய போட் வேண்டாம் என்று முடிவு. இருபது பேருக்குள் ஏற்றும் ஒருவர், புக்கெட்டின் வடகிழக்கே ஆவ் போ துறையில் இருந்து மதியத்துக்குப் பிறகு வெளிக்கிடுகிறார். காலைக் கூட்டம் திரும்பும் நேரம் என்பதால் குகையில் நெரிசல் குறைவாம். எந்தக் குகை என்று கேட்டதற்கு, அன்றைய தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்வேன் என்று பதில் வந்தது. ரீச்சர் சொன்ன சோதனையில் பாஸ். துடுப்பு அவர்களே போடுவார்கள். அம்மா போட்டின் பின்பக்கத் தட்டில் இருந்து கயாக்குக்குள் இறங்க முடிந்தால் வரலாம், இல்லாவிட்டால் போட்டிலேயே இருக்கலாம். சின்ன அளவு அங்கி உண்டு. ஜே சாப்பாடும் உண்டு. திகதி தசமி. அட்டமி நவமி தப்பியதால் அம்மாவும் சம்மதம். ஜேம்ஸ் பாண்ட் தீவு இதில் இல்லை. மகள்தான் முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறாள்.

அளவெட்டி அக்கா:
தசமி நல்ல நாள். அம்மாவின் கால் பற்றி ஒன்று. காற்றடைத்த கயாக் தாழ்வாக இருக்கும், இறங்குவது சுகம், எழும்புவதுதான் கஷ்டம். வீட்டில் நிலத்தில் இருந்து கைபிடிக்காமல் எழும்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புங்குடுதீவான்:
இருபது பேர் என்றால் பரவாயில்லை, தம்பி. காசு முழுக்க முற்பணமாகக் கேட்டாரா? அன்றைக்குக் கடல் சரியில்லை என்று அவரே நிறுத்தினால் திருப்பித் தருவாரா, வேறு திகதி தருவாரா? அதை எழுத்தில் வாங்குங்கள்.