ஆண்டு விழா நடனத்துக்குக் கறுப்பு மை கேட்கிறார்கள், என் பெண்ணுக்கு மட்டும் வேண்டாமாம்

உறையூர்த் தையல்காரி:

வணக்கம். நான் உறையூரில் ஜாக்கெட் தைக்கிறவள். மகள் ஏழாம் வகுப்பு. அடுத்த மாதம் பள்ளியில் ஆண்டு விழா. கரகம், பரதம் எல்லாம் பெரிய வகுப்புகளுக்குப் போய்விட்டன. இவள் செக்‌ஷனுக்குக் கிடைத்தது ‘ஆப்பிரிக்கன் டான்ஸ்’. பாட்டு, ஷகீராவின் ‘வாக்கா வாக்கா’. 14 பெண் பிள்ளைகள்.

டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள்: கறுப்பு ஃபுல் ஹேண்ட் பனியன், கறுப்பு லெக்கின்ஸ், காஸ்ட்யூம் வாடகை 450 ரூபாய், கறுப்பு ஃபேஸ் பெயின்ட் ஒரு டப்பா. காஸ்ட்யூமையும் போய்ப் பார்த்தேன். பச்சை பிளாஸ்டிக் சரத்தை எலாஸ்டிக்கில் கோத்து வைத்திருக்கிறார்கள். தையல் ஒரு விழாவுக்குத் தாங்கினால் அதிசயம். தலைக்குக் கோழி இறகு. கன்னத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து, உதட்டைச் சிவப்பில் பெரிதாக வரைவார்களாம்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெயின்ட் முகத்தில் அரிக்குமோ என்பதுதான் கவலை. கடையில் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மகள் சொன்னாள்: “எனக்கு வாங்க வேணாம்மா. மிஸ் வேண்டாம்னுட்டாங்க.” ஏன் என்றேன். “உனக்கு அப்படியே ஓகேன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க.” சொல்லிவிட்டுக் கலர் பென்சில் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் என் நிறம். என் அம்மாவின் நிறம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில், ஜாதகத்தைக் கையில் வாங்காமலேயே பொருந்தவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதெல்லாம் பழகிவிட்டது. இவளுக்கு 12 வயது.

பள்ளியில் போய் என்னவென்று பேசுவது? ‘என் பெண்ணைக் கறுப்பு என்று சொல்லிவிட்டீர்கள்’ என்று நின்றால், ‘கறுப்பு கேவலம் என்று நாங்களா சொன்னோம்?’ என்று திருப்பிக் கேட்பார்கள். எனக்குப் பதில் வராது. டான்ஸை விட்டு நிறுத்தவும் மனமில்லை. நன்றாக ஆடுவாள், முதல் வரிசையில் போட்டிருக்கிறார்கள். ஆட்டத்துக்காகப் போட்டார்களா, நிறத்துக்காகப் போட்டார்களா என்ற சந்தேகம் இப்போது வந்துவிட்டது. அதுதான் தூங்க விடவில்லை.

விசில் வாத்தியார்:

மேடம், நான் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். எத்தனையோ ஆண்டு விழா நடத்தியவன். உங்கள் பெண்ணைப் பற்றிச் சொன்னது தப்பு. அந்த டீச்சரைத் தனியாகப் பார்த்து அதை மட்டும் கேளுங்கள்.

ஆனால் மை பூசுவதையே தப்பு என்று கிளப்பாதீர்கள். கிருஷ்ணருக்கு நீலம் பூசுகிறோம். குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேஷம் போட்டு ஊர் ஊராகப் போகிறார்கள். யாராவது கோபித்துக்கொள்கிறார்களா? வேஷம் என்றால் அரிதாரம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சின்னப் பெண் டீச்சர் யூடியூபில் பார்த்ததைச் செய்கிறார், அவர் சம்பளத்துக்கு அவ்வளவுதான் முடியும். இதையெல்லாம் இனவெறி என்று சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகள் எதைத்தான் ஆடுவது?

டச்சப் அக்கா:

தங்கச்சி, நான் கோடம்பாக்கத்தில் இருந்தவள். இப்போது கல்யாண மேக்கப். நிறத்தை வைத்துத்தான் 20 வருடமாகச் சாப்பிடுகிறேன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ‘டல் மேக்கப்’ என்று ஒன்று உண்டு. கதையில் குடிசைப் பெண் வருவாள். அதற்கு வடக்கேயிருந்து ஒரு சிவப்பான பெண்ணைக் கூட்டி வருவார்கள். அவளை இரண்டு ஷேடு, மூன்று ஷேடு இறக்க வேண்டும். கை, கழுத்து, காதின் பின்பக்கம் வரைக்கும். வெயிலில் வியர்த்தால் கழுத்தில் கோடு விழும், ஓடிப்போய் ஒற்ற வேண்டும். அதே செட்டில் கூட்டத்தில் நிற்கிற துணை நடிகைகள் 30 பேருக்கு ஒரிஜினலாகவே அந்த நிறம் இருக்கும். அவர்களை நாங்கள் தொடவே மாட்டோம். உன் மகளுக்கு ‘அப்படியே ஓகே’ என்றார்களே, அந்த வார்த்தையை நான் செட்டில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் தெரியுமா? ஓகேதான், ஆனால் கதாநாயகி அவள் இல்லை.

2007-இல் வந்த ‘சிவாஜி’ எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ‘ஒரு கூடை சன்லைட்’ பாட்டுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் தனியாகப் படம் பிடித்து, அவள் தோலின் நிறத்தைக் கம்ப்யூட்டரில் ரஜினி மேல் ஏற்றினார்கள். ஆணுக்குப் பெண்ணின் தோல்! அந்த வேலையைப் பார்த்து எங்கள் ஆட்கள் எல்லாரும் வாயைப் பிளந்தோம். அதே படத்தில்தான் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்களைக் கறுப்பாக்கிச் சிரிக்க விட்டார்கள். பாரி மகளிரின் பெயர். பாரி செத்த பிறகு கபிலர் அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மன்னன் மன்னனாகப் போனார், ஒருவரும் கட்டிக்கொள்ளவில்லை என்று புறநானூற்றில் படித்தோம். அவர்கள் என்ன நிறம் என்று எந்தப் பாட்டும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. நிறம் நம் காலத்தில் பூசியது.

வாத்தியார் ஐயா, காளி வேஷம் போடுகிறவர் நாள்கணக்கில் விரதம் இருந்து பூசுகிறார். இருட்டிய பிறகு அவர் எதிரே நின்று நீங்கள் சிரித்துப் பாருங்கள். ‘யாராவது கோபித்துக்கொள்கிறார்களா’ என்று கேட்டீர்களே, குறவன் குறத்தி ஆட்டத்துக்கு நானே கோயில் கொடைகளில் மேக்கப் போட்டிருக்கிறேன். நான் பார்த்தவரை ஆடியவர்கள் யாரும் குறவர் இல்லை. குட்டைப் பாவாடை, இரட்டை அர்த்தப் பேச்சு, அதற்குப் பெயர் குறத்தி. அந்த மக்கள் வருடக்கணக்கில் கோபித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பஸ்ஸில் போனால் தங்கள் பெண்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்தார்கள். 2023-இல் தடை வந்தது. அதுவரை நமக்குக் காது கேட்கவில்லை.

தங்கச்சி, உனக்கு ஒரு குறுக்கு வழியும் சொல்கிறேன். அந்த பெயின்ட் காஸ்ட்யூம் கழுத்துப் பட்டியில் ஒட்டினால் போகாது. வாடகைக் கடைக்காரர் அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வார். 14 செட். இதை முதலில் சொல்லு, பிறகு மற்றதைப் பேசு.

டர்பன் வாசி:

அக்கா, நான் கும்பகோணத்துக்காரன். 11 வருடமாக தென்னாப்பிரிக்காவில், டர்பனில் கணக்கு வேலை. 1860-இல் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். தைப்பூசக் காவடி நம் ஊரைவிட ஜோர்.

இரண்டு வருடம் முன்பு என் அண்ணன் மகளின் ஆண்டு விழா வீடியோ வந்தது. நீங்கள் சொல்கிற அதே டான்ஸ்தான். புத்தி இல்லாமல், ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கும், இந்த ஊர் ஜூலு இனத்து நண்பரிடம் பெருமையாகக் காட்டிவிட்டேன். முழுசாகப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இந்தப் பிள்ளைகள் எங்களில் யாரையாவது நேரில் பார்த்திருக்கிறார்களா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பெரிய சிவப்பு உதடு எங்கிருந்து வந்தது என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1830-கள் வாக்கில் வெள்ளைக்காரர்கள் கார்க்கை எரித்து அந்தக் கரியை முகத்தில் பூசி, உதட்டைப் பெரிதாக வரைந்து, அடிமைகளை நக்கலடித்து ஆடினார்கள். டிக்கெட் போட்டு ஊர் ஊராக நடந்தது. அதில் ‘ஜிம் க்ரோ’ என்ற கோமாளி வேஷம் பெரிய ஹிட். பின்னால் கறுப்பர்களைத் தனியாகப் பிரித்து வைத்த சட்டங்களுக்கே அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் பிபிசி இப்படிக் கரி பூசிய பாட்டு நிகழ்ச்சியை 1958-லிருந்து 1978 வரை ஓட்டியது. உறையூரில் இருக்கும் டீச்சருக்கு இது தெரியாது, சரி. ஆனால் அவர் வரையப்போகும் உதடு அந்த உதடுதான்.

புல் பாவாடை இன்னும் வேடிக்கை. நான் இருக்கும் பக்கம் எந்தக் கல்யாணத்திலும் அதைப் பார்த்ததில்லை. நாம் காலண்டரில் பார்த்த புல் பாவாடை ஹவாய் பக்கத்தது. இங்கே மணி வேலைதான் விசேஷம். கல்யாணமான ஜூலு பெண்கள் அகலமான வட்டத் தொப்பி வைப்பார்கள்.

பாட்டுக் கதையும் கேளுங்கள். 2010 கால்பந்து உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவில் நடந்தது, அதற்கான பாட்டுதான் இந்த ‘வாக்கா வாக்கா’. பாடிய ஷகீரா கொலம்பியாக்காரர். ஆப்பிரிக்காவில் முதல்முறை நடக்கும் கோப்பைக்கு ஒரு ஆப்பிரிக்கப் பாடகி கிடைக்கவில்லையா என்று இங்கே அப்போதே முணுமுணுத்தார்கள். கேப் டவுனின் ‘ஃப்ரெஷ்லிகிரவுண்ட்’ குழு கூடப் பாடியது என்பது பலருக்குத் தெரியாது. அந்த ‘ஸாமினா மினா’ வரி கேமரூனின் ‘கோல்டன் சவுண்ட்ஸ்’ குழு 1986-இல் பாடியது. ராணுவ உடுப்புக்குள் தலையணை திணித்துத் தொப்பையாக்கி, பட்டாளத்தைக் கிண்டல் செய்து ஆடினார்கள். அந்தப் பாட்டில் வரும் ‘ஸங்கலேவா’ என்றால் ‘உன்னை யார் அனுப்பியது?’ என்பது போல அர்த்தம் சொல்வார்கள். உங்கள் டீச்சருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லாதீர்கள்!

விசில் வாத்தியார்:

அப்படியானால் ஷகீராவும் திருடியா? அவர் எடுத்து ஆடலாம், எங்கள் பிள்ளைகள் ஆடக் கூடாதா?

டர்பன் வாசி:

ஐயா, கேமரூன்காரர்களோடு பேசித் தீர்த்து, பாட்டில் அவர்கள் பெயரையும் சேர்த்தார்கள். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சாலமன் லிண்டா என்ற ஜூலு தொழிலாளி 1939-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ‘ம்பூபே’ பாடினார். உரிமைக்குக் கிடைத்தது 10 ஷில்லிங். அதுதான் அமெரிக்கா போய் ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ ஆனது, டிஸ்னியின் சிங்கப் படம் வரைக்கும் போனது. அவர் 1962-இல் ஏழையாகவே செத்தார். சொவேட்டோவில் கஷ்டப்பட்ட அவர் மகள்களுக்கு நியாயம் கிடைக்க 2006 ஆனது.

பிள்ளைகள் ஆடட்டும் ஐயா. ஆடுவதில் எனக்குச் சண்டையே இல்லை. மையும் உதடும் வேண்டாம். யாருடைய ஆட்டம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஆடட்டும்.

அக்கா, ஒரு யோசனை. இங்கே ‘கம்பூட் டான்ஸ்’ உண்டு. ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களில் தண்ணீர் தேங்கும். அதை இறைப்பதைவிட ரப்பர் பூட்ஸ் மலிவு என்று தொழிலாளிகளுக்கு பூட்ஸ் கொடுத்தார்களாம். உள்ளே பேசத் தடை. பூட்ஸைத் தட்டித் தட்டிச் சேதி சொல்லிக்கொண்டார்கள். அதுவே ஆட்டமானது. மேஸ்திரியைக் கிண்டல் செய்யும் அடவுகளும் உண்டு. இங்கே பள்ளிகளில் எல்லா நிறப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். என் நண்பரிடமும் கேட்டேன், “தாளம் தப்பாமல் தட்டச் சொல்” என்றார்.

உறையூர்த் தையல்காரி:

எல்லாருக்கும் நன்றி. போய்ப் பேசினேன். டச்சப் அக்கா சொன்னபடி அட்வான்ஸில்தான் ஆரம்பித்தேன். பிரின்சிபல் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மகள் விஷயத்தைச் சொன்னேன். டீச்சருக்கு முகம் சுண்டிவிட்டது. “நான் அப்படி நினைச்சுச் சொல்லலைங்க” என்றார். எப்படி நினைத்துச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் என் நிறம்தான், பவுடர் போட்டிருந்தார். வரிசை பற்றிக் கேட்டேன். “உங்க பொண்ணு ஸ்டெப் மறக்க மாட்டா, மத்ததுங்க அவளைப் பாத்துத்தான் ஆடுதுங்க” என்றார். அதை நம்புகிறேன்.

மை இல்லை. பச்சைச் சரம் இல்லை. கம்பூட் டான்ஸ்தான். மணிக் கழுத்துப் பட்டி தைத்துத் தருகிறேன் என்று ஆசையாக டர்பன் தம்பியிடம் கேட்டேன். அவர், இங்கே மணியின் நிறத்தை வைத்துப் பெண்கள் காதல் கடிதமே எழுதுவார்கள், 12 வயதுப் பிள்ளைகள் கழுத்தில் என்ன எழுதித் தொங்கவிடப் போகிறீர்கள் அக்கா என்று சிரித்தார். அதையும் விட்டுவிட்டேன். நீல டங்கரி, சிவப்புக் கைக்குட்டை. என் கட்டிங்.

கம்பூட்ஸில்தான் புதுப் பிரச்சினை. வாட்ஸப் குரூப்பில் சேதி போட்ட பத்தாவது நிமிடம் ஒரு அம்மா எழுதினார்: “அது குப்பை அள்ளுறவங்க போடுறதாச்சே, பிள்ளைங்களுக்கா?” கீழே நாலு கட்டைவிரல். மை டப்பா கேட்டபோது இந்தக் குரூப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் பதில் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, அழித்தேன். கடைசியில் டீச்சரே எழுதினார், “தங்கச் சுரங்கத்தில் போட்டது மேடம்” என்று. தங்கம் என்றதும் இரண்டு பேர் சம்மதித்தார்கள். அதற்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை.

இன்று நிலவரம்: 11 பிள்ளைகள் பூட்ஸ், மூன்று பேர் வெறும் கறுப்பு ஷூ. ஆட்டத்துக்கு முன்னால் மைக்கில் நாலு வரி சொல்ல வேண்டும், சுரங்கம், தண்ணீர், பேசத் தடை என்று. என் மகள் சொல்கிறாள். பெரியகடை வீதியில் அவள் அளவுக்கு பூட்ஸ் கிடைக்காமல் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, முன்னால் பஞ்சு வைத்திருக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கும் மாடியில் தட்டிக்கொண்டிருக்கிறாள். நேற்று கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, “மேலே என்னம்மா, சுரங்கமா தோண்டுறீங்க?” என்றார். ஆமாம் என்று உள்ளேயிருந்து இவள்தான் கத்தினாள்.