கஞ்சா வழக்கில் சிக்கியவனுக்குப் புழல் சிறையா, சிகிச்சையா?

வியாசர்பாடி வாசன்:
போதை வழக்கில் பிடிபட்டவனுக்குச் சிகிச்சை தருவது குற்றவாளிக்குச் செய்யும் உபசாரம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவைப் பாருங்கள். சிறிய அளவு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பான போதை அடிமையை, அவர் சம்மதித்தால், சிறைக்குப் பதிலாக மருத்துவமனைக்கு அனுப்பலாம். சட்டமே சொல்வது உபசாரமா?

அண்ணாநகர் ரகு:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். கஞ்சாவில் சிறிய அளவு என்றால் ஒரு கிலோ வரை. ஒரு கிலோ! அதைத் தனியாளாகப் புகைத்துத் தீர்ப்பானா? அவன் வியாபாரி.

கீழ்ப்பாக்கம் செல்வி:
ரகு சார், அடிமை யார் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவரைச் சிகிச்சைக்கு அனுப்பலாமா என்று வயது, நடத்தை, பழைய வழக்குகள், உடல்நிலை எல்லாம் பார்த்துத்தான் நீதிபதி முடிவெடுப்பார். ஹெராயினில் சிறிய அளவு வெறும் 5 கிராம். நான் போதை மீட்பு வார்டில் வேலை பார்த்தவள். சிறைக்குள் இருக்கும் மாதங்களில் உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போகும். வெளியே வந்ததும் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு நீங்களா பதில் சொல்வீர்கள்?

அண்ணாநகர் ரகு:
ஹெராயின் கதை எதற்கு? நான் கேட்டது ஒரு கிலோ. அதற்கு யாராவது பதில் சொன்னீர்களா?

வியாசர்பாடி வாசன்:
64ஏ பிரிவையும் படியுங்கள். சிறிய அளவு வழக்கில் தானாகச் சிகிச்சைக்கு வந்த அடிமை மீது வழக்கு நடக்காது; அதைப் பாதியில் விட்டால் வழக்கு திரும்ப வரலாம். இதுவா சொகுசு?

அண்ணாநகர் ரகு:
பிரிவு எண்ணை நானும் ஒப்பிப்பேன். ஒரு கிலோ, வாசன், ஒரு கிலோ. உங்கள் ஏரியாப் பையன்கள் என்றால் உங்களுக்கு உடனே பாசம் பொங்கிவிடும்.

வியாசர்பாடி வாசன்:
ஏரியாவை இழுக்காதீர்கள். அண்ணாநகரில் பிடிபட்டால் வக்கீல் வருகிறார், தனியார் மறுவாழ்வு மையம் வருகிறது. எங்கள் பக்கத்துப் பையனுக்குப் புழல் மட்டும்தான். வடசென்னை என்றாலே குற்றவாளி என்று பார்க்கும் பார்வை உங்களுக்கு எப்போது போகும்?

கீழ்ப்பாக்கம் செல்வி:
டாஸ்மாக் விவாதத்தில் குடி ஒரு நோய் என்று பக்கம் பக்கமாக எழுதியவர் இதே ரகு சார்தான்.

அண்ணாநகர் ரகு:
அது வேறு, இது வேறு. குடிகாரன் கையில் ஒரு கிலோ கஞ்சாவா இருந்தது? அந்த விவாதத்தில் என்னைக் கிண்டல் செய்ததற்கு நீங்கள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, செல்வி.

கீழ்ப்பாக்கம் செல்வி:
கேட்கவும் மாட்டேன்.