ஆடிவேலுக்கு 28 மி.மீ.: பழைய கமராவில் வைட் லென்ஸ் சரிவருமா?

கொட்டாஞ்சேனையான்:
என்னிடம் இருப்பது பென்டாக்ஸ் கே1000, 50 மி.மீ. எஃப் 2 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது). கொழும்பில் ஆடிவேல் திருவிழாத் தேர் செட்டியார் தெருவில் வரும்போது பின்னுக்குப் போக இடமே கிடையாது. அதிக இடத்தைப் பிடிக்கும் 28 மி.மீ. வைட் லென்ஸ் வாங்கலாம் என்றால், "வைட் லென்ஸைக் கையால் ஃபோகஸ் பண்ணிக் கிழிப்பாய்" என்று கூட்டாளி ஒருவன் பயமுறுத்துகிறான்.

பழையஷட்டர்:
கூட்டாளி தலைகீழாகச் சொல்கிறார். எஃப் 8 வைத்து 28இன் வளையத்தை 3.3 மீற்றரில் நிறுத்துங்கள். ஏறத்தாழ 1.6 மீற்றரிலிருந்து முடிவிலி வரை எல்லாம் கூர்மை. அதே எஃப் 8இல் 50ஐ எப்படி வைத்தாலும், தூரமும் கூர்மையாக வேண்டுமென்றால் 5 மீற்றருக்கு உள்ளே நிற்பவர் மங்கிவிடுவார். தேர் வடத்தைப் பிடித்திருப்பவர் 5 மீற்றர் தள்ளியா நிற்பார்? பகல் வெயிலில் 400 வேக ஃபிலிம் என்றால் எஃப் 11, ஷட்டர் 1/1000 செக்கன். வளையத்தைத் தொடவே வேண்டாம்.

இருட்டறை:
அந்தக் கணக்கை நானும் படித்தேன் ஐயா. அது ஃபிலிமில் 0.03 மி.மீ. மங்கலைக் கூர்மை என்று ஒத்துக்கொண்டு போட்ட கணக்கு. அஞ்சலட்டை அளவுப் பிரிண்டுக்கு அது போதும். 12க்கு 18 அங்குலம் போட்டுப் பாருங்கள், முடிவிலி என்று நம்பிய கோபுரம் களிமண் மாதிரி இருக்கும். கூர்மை எதுவரை என்று லென்ஸில் குறித்திருக்கும் எல்லைக்கோட்டை நம்பி நான் பெரிதாக்கியவற்றில் சுவரில் மாட்டத்தக்கது ஒன்றும் இல்லை.

பழையஷட்டர்:
எல்லைக்கோட்டை ஏன் நம்புகிறீர்கள்? எஃப் 11இல் எடுங்கள், ஸ்கேலில் எஃப் 8 கோடுகளைப் படியுங்கள். ஒரு ஸ்டொப், அதாவது திறப்பில் ஒரு படி, கையிருப்பு. பெரிய பிரிண்ட் என்றால் இரண்டு.

இருட்டறை:
சரி, பகலுக்கு விடுகிறேன். பொழுது சாய்ந்த பிறகு? எஃப் 2.8இல் 2 மீற்றரில் வைத்தால் 1.65இலிருந்து 2.5 வரைதான். கூட்டம் தள்ளும் தள்ளலில் அந்தத் தூரத்தை யார் அளந்துகொண்டு நிற்பது? கண்ணால் ஃபோகஸ் பண்ணலாம் என்றால், 28இல் வியூஃபைண்டரின் நடுவிலுள்ள மைக்ரோபிரிசம் (ஃபோகஸ் தப்பினால் மினுங்கும் வட்டம்) மினுங்குவதும் அடங்குவதும் பிரித்தே தெரியாது. 50இல் பட்டென்று பிடிபடும். கே1000இல் டெப்த், அதாவது எதுவரை கூர்மை என்று பார்க்கும் பொத்தானும் கிடையாது. லென்ஸை எப்போதும் முழுத் திறப்பில்தான் பார்ப்பீர்கள், எஃப் 11இல் என்ன வரும் என்பது ஊகம். இன்னொன்று, பிரேமின் ஓரத்தில் நிற்பவர்களின் தலை பக்கவாட்டில் இழுபடும். வீட்டாருக்குக் காட்டினால் ஏச்சு வாங்குவீர்கள்.

வெள்ளவத்தை_அக்கா:
35ஐ ஏன் ஒருவரும் வாயெடுத்துச் சொல்லவில்லை? ஓர இழுப்பும் குறைவு. அதைவிடப் பெரிய விஷயம், தம்பி, பழைய வைட் வாங்கும்போது அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். நம்முடைய கடற்கரை ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் சிலந்தி நூல் மாதிரி ஓடியிருக்கும். கடைக்காரர் "தூசி" என்பார். விலையைக் கேளாமலே வைத்துவிட்டு வாருங்கள்.

பழையஷட்டர்:
அக்கா சொன்ன பூஞ்சண விஷயம் முழுக்கச் சரி. 35 என்பது சமாதானம், அவ்வளவுதான். செட்டியார் தெருவின் அகலத்துக்கு 28தான். ஓரத்தில் தலை இழுபடுகிறதா, ஓரத்தில் ஆளை வைக்காதீர்கள். சுவரை வையுங்கள், கடைப் பலகையை வையுங்கள்.

கொட்டாஞ்சேனையான்:
வெளிச்சம் அளக்கும் மீட்டர்? 28இல் வானம் நிறைய வருமே.

இருட்டறை:
இதில் நானும் பழையஷட்டரும் சண்டை பிடிக்க மாட்டோம் என்று நினைக்கிறேன். கே1000 பிரேம் முழுதையும் சராசரி பார்க்கும். வானம் பாதி வந்தால் ஊசி ஏமாந்து ஆட்கள் கறுத்துவிடுவார்கள். கமராவைத் தெருப் பக்கம் சாய்த்து, வானம் இல்லாமல் அளந்து, அதே அளவில் வைத்துவிட்டு உயர்த்துங்கள். படம் எடுத்து முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போடுங்கள், இல்லாவிட்டால் மீட்டர் பட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். வைட் விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. 28 வாங்கினாலும் அந்த 50ஐ விற்றுவிடாதீர்கள், இரவுக்கு அதன் எஃப் 2 ஒரு ஸ்டொப் கூடத் தரும்.