சேத்தக் 145: அடியில் பேக்கிங் வச்சுத் தூக்குறதா, போர்ட்டை ராவுறதா?

மேலூர்_ரோடு:
பஜாஜ் சேத்தக் டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர், போர் (சிலிண்டர் விட்டம்) 57 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) 57 மி.மீ., 145.45 சி.சி. கம்பெனி சைலன்சர்தான். ரெண்டு பேரோட மேலூர் ரோட்ல தெம்பா இழுக்கணும். டிகிரி வீல் (கிராங்க் சுத்துற கோணத்தை அளக்குற வட்டத் தகடு) வச்சு அளந்ததுல, புகை போற எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருக்கிறது 160°, புதுக் கலவை மேல வர்ற டிரான்ஸ்ஃபர் போர்ட் 112°. டிடிசி-ல (பிஸ்டன் உச்சியில நிக்கிறப்ப) மேல மிஞ்சுற இடம் 18.2 சி.சி., ஸ்குவிஷ் (பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி) 2.1 மி.மீ. போர்ட் சீக்கிரம் திறக்க, சிலிண்டருக்கு அடியில 1 மி.மீ. பேக்கிங் வச்சா போதும்ங்கிறாங்க. போதுமாண்ணே?

சிம்மக்கல்_லேத்:
போதும் தம்பி. 1 மி.மீ. அலுமினியத் தகடு, ரெண்டு பக்கமும் மெல்லிசா பேப்பர் பேக்கிங். ரெண்டு போர்ட்டும் ஒண்ணா ஏறும். சேத்தக்குல இன்டேக் (கலவை இன்ஜினுக்குள்ள வர்ற வாசல்) கிராங்க் வெப் (கிராங்கோட பக்கத் தட்டு) வழியா திறக்குது, அதனால அந்த டைமிங் அசையாது. விஜய் சூப்பர் ஸ்கூட்டர்னா பிஸ்டன் ஓரம்தான் இன்டேக்கைத் திறக்கும். தூக்குனா இன்டேக் நேரம் குறையும். அரத்தை எடுத்து ராவ ஆரம்பிச்சா திரும்பப் போக முடியாது. தகடு பிடிக்கலைன்னா கழட்டிரலாம்.

டிகிரி_வீல்:
இன்டேக் சரி, மீதி தப்பு. 57 போர்ல 1 மி.மீ.ன்னா 2.55 சி.சி. அதை 18.2-ல கூட்டுங்க: 9-ல இருந்த கம்ப்ரஷன் விகிதம் 8-க்கு இறங்கிரும், ஸ்குவிஷ் 3.1 ஆயிரும். இன்னொண்ணு, 1 மி.மீ.க்கு எக்ஸாஸ்ட் 4° சொச்சம்தான் ஏறும், டிரான்ஸ்ஃபர் அஞ்சரைக்கு மேல ஏறும். டிரான்ஸ்ஃபர் திறக்குற நேரத்துல பிஸ்டன் மெதுவா நகருது, அதான். ப்ளோடவுன் (எக்ஸாஸ்ட் திறந்து டிரான்ஸ்ஃபர் திறக்குற வரைக்கும் உள்ள இடைவெளி) 24°-ல இருந்து 23 சொச்சத்துக்கு வந்துரும். புகை முழுசா வெளியேறுறதுக்கு முன்னாடி புது சார்ஜ் (பெட்ரோல்-காத்துக் கலவை) உள்ள வந்தா டாப் எண்ட் (உச்ச வேகத்துல இழுவை) எங்க வரும்?

சிம்மக்கல்_லேத்:
சிலிண்டர் தலையில 1.9 மி.மீ. கடைஞ்சிட்டா? ஸ்குவிஷ் 1.2, கம்ப்ரஷன் 10-க்கு மேல. இப்ப ஊத்துறது E20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்), ஆக்டேன் கூட. இன்ஜின் தட்டாது (நாக் ஆகாது).

டிகிரி_வீல்:
ஆக்டேன் கூடதான். ஆனா எத்தனால் கலவையை லீன் (எரிபொருள் பத்தாம) ஆக்கும்; அதே மெயின் ஜெட்டோட (கார்புரேட்டர்ல பெட்ரோல் விடுற துளை) கம்ப்ரஷன் 10-ல ஓட்டுனா மே மாச வெயில்ல பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசல்ல பிஸ்டன் என்ன பாடு படும்னு சொல்லவே வேண்டாம். தகட்டோடவே நீங்க சொன்ன 1.9 கடையுங்க, அது சரி. ஆனா ஹெட் டோமையும் (சிலிண்டர் தலையோட உள்குழிவு) கொஞ்சம் குடைஞ்சு மொத்த இடத்தை 17.5 சி.சி.க்குக் கொண்டு வாங்க. கம்ப்ரஷன் 9.3. ஸ்குவிஷ் இறுக்கமா இருந்தா ஓரத்துல தேங்குற சார்ஜ் குளிர்ந்தே இருக்கும், அதான் தட்டாம காப்பாத்துறது. 1 மி.மீ.க்குக் கீழ போகாதீங்க, பேரிங் ஆட்டம் இருக்கு.

தகடு வச்ச பிறகு எக்ஸாஸ்ட் மேல் ஓரத்தை மட்டும் 1 மி.மீ. ராவுனா 168° வரும், ப்ளோடவுன் 25 சொச்சம். கம்பெனி சைலன்சருக்கு அதுக்கு மேல வேண்டாம், அடியில இழுவை போயிரும். அகலம் 37 மி.மீ. தாண்டக் கூடாது, தாண்டுனா பிஸ்டன் ரிங் வாசல்ல துருத்திக்கிட்டு உடையும். மேலயும் கீழயும் ஓரத்தை மழுக்கணும், ரிங் வாய் (ரிங்கோட வெட்டு முனை) அந்த வாசல் பக்கம் வரவே கூடாது.

மேலூர்_ரோடு:
ஸ்குவிஷ் அளந்தது ஒரு பக்கம்தான். பரவாயில்லையா?

டிகிரி_வீல்:
கூடாது. 3 மி.மீ. சாலிடர் ஈயம், கட்ஜன் பின்னுக்கு (பிஸ்டனை கனெக்டிங் ராடோட இணைக்கிற பின்) நேர் மேல ரெண்டு ஓரத்துலயும் கிரீஸ் வச்சு ஒட்டுங்க. பிஸ்டன் சாயாம இருக்க அதான் இடம். ஹெட்டை முறுக்கிட்டு கையால ஒரு சுத்து. ரெண்டுக்கும் வித்தியாசம் 0.1-க்கு மேல போனா சிலிண்டர் அடித்தளம் கோணலா இருக்கு, முதல்ல அதை நேராக்குங்க. மேல மிஞ்சுற இடத்தை அளக்க பிஸ்டனை டிடிசி-ல நிறுத்தி ஓரத்துல கிரீஸ் தடவி, பிளக் ஓட்டை வழியா சிரிஞ்சால டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் ஊத்துங்க. பிளக் மரையோட அடிப்புரி வரைக்கும்தான் கணக்கு.

சிம்மக்கல்_லேத்:
ஓரம் மழுக்குறதுல எனக்கும் மறுப்பில்ல. 9.3 போதுமாங்கிறதுதான் சந்தேகம். எக்ஸாஸ்ட் உசந்தா மூடுன பிறகு அமுங்குற அளவு குறையும், அதை ஈடு கட்டணும்ல?

டிகிரி_வீல்:
ஈடு கட்டலாம், 9.6 வரைக்கும். அதுக்கு டோம்ல குடையுறதைக் குறைச்சு 16.9-ல நிறுத்துங்க, இக்னிஷனை 2° தாமதிங்க, மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏத்துங்க. அழகர்கோவில் ரோட்ல முழு திராட்டில்ல போய் அப்படியே கிளட்சைப் பிடிச்சு இன்ஜினை நிறுத்தி பிளக்கைக் கழட்டிப் பாருங்க. பீங்கான்ல வெள்ளிப் பொட்டு தெரிஞ்சா பிஸ்டன் ஓரம் அரிக்க ஆரம்பிச்சிருச்சு, அதுக்கப்புறம் அன்னைக்கு வண்டியை எடுக்காதீங்க.