பழைய ஃபர்லர்: மாற்றுவதா, கொக்கிக்கே திரும்புவதா?

சேற்றுக்கால்:
என் பாய்மரப் படகு வெஸ்டர்லி சென்டார், 26 அடி, 1974-ல் கட்டியது. இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுச் சேற்றில், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கீலில் நிற்கிறது. முன்பாயைச் சுருட்டும் ஃபர்லர் எனக்கு முன் வைத்திருந்தவர் போட்டது. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். போன மாதம் ஷியர்னெஸ் பக்கம் காற்று ஃபோர்ஸ் 6-க்கு ஏறியதும் பாயைச் சுருட்டப் பார்த்தேன். இரண்டு சுற்று வந்தது, அப்புறம் இறுகிவிட்டது. கயிற்றை வின்ச்சில் (கயிறு இழுக்கும் உருளையில்) போட்டு இழுத்தும் அசையவில்லை. கடைசியில் பாயைப் படபடக்க விட்டுவிட்டு எஞ்சினில் கரை சேர்ந்தோம். பாய்மரமும் கயிறும் பார்க்கும் ரிக்கர் ஒருவர், எல்லாவற்றையும் கழற்றிப் புதுசு போடச் சொல்கிறார். அவர் கேட்கும் தொகை நான் படகு வாங்கிய விலையில் பாதி. மாற்றத்தான் வேண்டுமா?

கொக்கிக்காரன்:
கழற்றுங்கள், ஆனால் புதுசு வேண்டாம். பாய்மரத்தை முன்பக்கம் பிடித்திருக்கும் ஃபோர்ஸ்டே வயரில் கொக்கி மாட்டி ஏற்றும் பாய்க்கு இந்தத் தொல்லையே இல்லை. பாயை ஏற்றும் கயிறான ஹேலியார்டை விட்டால் இறங்கிவிடும். பாயின் தலையில் ஒரு மெல்லிய கயிறு கட்டிக் காக்பிட் வரை கொண்டுவந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுத்து இறக்கலாம். பாதி சுருட்டிய ஜெனோவா (பெரிய முன்பாய்) பை மாதிரி தொங்கும். அதை வைத்துக்கொண்டு எதிர்காற்றில் ஏற முடியாது. சென்டார் நல்ல நாளிலேயே அதற்குச் சோம்பல்.

முழங்கால்வலி:
கொக்கிக்காரன் அண்ணா, உங்களுக்கு வயது என்ன? அலையில் குதிக்கிற அணியத்துக்குப் போய் ஈரப் பாயை மாற்றுவது யார்? பெரியதை இறக்கி, சின்னதை ஏற்றி, இறக்கியதைக் கேபினுக்குள் தள்ளினால் அன்றிரவு படுக்கை முழுக்க உப்புத் தண்ணீர். என் மனைவி கடலுக்கு வருவதே ஃபர்லர் இருப்பதால்தான். பை மாதிரி தொங்குவதற்கும் வழி இருக்கிறது: பாயின் முன்னோரத்தில் ஃபோம் பட்டை வைத்துத் தைத்தால், கொஞ்சம் சுருட்டிய நிலையிலும் வடிவம் ஓரளவு நிற்கும். புதுசு வாங்குங்கள், சேற்றுக்கால். இந்த வயதுச் சாமானுக்கு உதிரிபாகம் தேடியே ஒரு கோடை போய்விடும்.

மாஸ்ட்நுனி:
வாங்குவதா வேண்டாமா என்று சண்டை. என்ன கோளாறு என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு சுற்று வந்து இறுகுகிறது என்றால் நான் முதலில் பேரிங்கைச் சந்தேகிக்க மாட்டேன். ஹேலியார்ட் மேலே ஃபாயிலை, அதாவது ஃபோர்ஸ்டே வயரை மூடிச் சுழலும் குழலை, சுற்றிக்கொள்கிறது. பாயின் தலையை ஹேலியார்டோடு இணைக்கும் சுழல்மூட்டுதான் சுவிவல்; அதன் கீழ்ப்பாதி பாயோடு சுழல வேண்டும், மேல்பாதி ஹேலியார்டோடு அசையாமல் நிற்க வேண்டும். ஹேலியார்ட் ஃபாயிலை ஒட்டியே இணையாக ஓடினால் மேல்பாதியும் சேர்ந்து சுழலும். சுமார் பத்து டிகிரியாவது பின்பக்கம் விலகி மாஸ்ட்டுக்கு (பாய்மரத்துக்கு) போக வேண்டும்.

காற்றில்லாத நாளில் பாயை இறக்கிவிட்டு, கீழே சுருட்டும் கயிறு சுற்றியிருக்கும் டிரம்மைக் கையால் திருப்புங்கள். லேசாகச் சுழன்றால் பேரிங்கில் குறையில்லை. அப்புறம் பாயை ஏற்றி, சுவிவல் எங்கே நிற்கிறது என்று பைனாகுலரில் பாருங்கள். உச்சியிலிருந்து ரொம்பத் தாழ்ந்து நின்றால் பாய் குட்டை. பாயின் தலைக்கும் சுவிவலுக்கும் நடுவே அந்த அளவுக்கு நீளாத துண்டுக் கயிறு ஒன்று போட்டால் தீர்ந்தது.

இன்னொன்று. இறுகும்போது வின்ச்சைத் தொடாதீர்கள். ஹேலியார்ட் சுற்றியிருக்கும்போது ஃபாயிலை முறுக்கினால் அடி வாங்குவது உள்ளே ஓடும் வயர். அது போனால் மாஸ்ட்டும் போகும்.

கொக்கிக்காரன்:
அதைத்தான் சொல்கிறேன். கொக்கி போட்டால் வயர் முழுதும் கண்ணுக்குத் தெரியும். அந்த ஃபாயிலுக்குள் இருக்கும் வயரைக் கடைசியாகப் பார்த்தது யார், எந்த வருடம்?

முழங்கால்வலி:
அது ஃபர்லரின் குற்றமா? பத்துப் பதினைந்து வருடத்தில் வயரை மாற்றாதவர் குற்றம். இன்ஷூரன்ஸ்காரர்கள்கூடக் கேட்கிறார்கள்.

சேற்றுக்கால் (மூன்று வாரம் கழித்து):
மாஸ்ட்நுனி சொன்னபடி செய்தேன். டிரம் ஒரு விரலுக்கே சுழன்றது. சுவிவல் உச்சியிலிருந்து இரண்டடி கீழே நின்றது. யாரோ வேறு படகின் பாயை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். துண்டுக் கயிறு போட்டதும் ஒரு கையால் சுருட்ட முடிந்தது. அதோடு விட்டிருப்பேன். கொக்கிக்காரன் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. மாஸ்ட்டை இறக்கி வயரை உருவினோம். 19 இழையில் இரண்டு, மேல்முனை ஸ்வேஜுக்குள் (வயர்மேல் அழுத்திப் பொருத்திய முனைக்குள்) நுழையும் இடத்தில் அறுந்திருந்தன. வின்ச்சில் இழுத்தது நான்தான், யாரைத் திட்டுவது?

புது வயருக்குச் சொல்லிவிட்டேன். கீழ்முனையில் கையாலேயே முடுக்கிப் பொருத்தும் ஸ்டா-லாக் முனை போட்டுப் பழைய ஃபாயிலுக்குள்ளேயே நுழைக்கப் போகிறேன். டிரம்மும் பழையதுதான்.

முழங்கால்வலி:
மாஸ்ட் தரையில் கிடக்கிறது, இப்போதும் பழசையா மாட்டுவீர்கள்? நாலு வருடத்தில் அது போனால் மறுபடி கிரேன் கூலி.

சேற்றுக்கால்:
நாலு வருடம் கழித்துக் கொடுக்கிறேன். இப்போது கையில் இல்லை.

மாஸ்ட்நுனி:
பழைய வயரின் விட்டத்தையும் நீளத்தையும் நீங்களே அளந்தீர்களா, இல்லை பட்டியலைப் பார்த்துச் சொன்னீர்களா? ஃபர்லர் போட்டபோது நீளத்தை மாற்றியிருக்க வாய்ப்பு உண்டு. வயரை வெட்டுவதற்குள் சரிபாருங்கள்.

கொக்கிக்காரன்:
என் கொட்டகையில் வெண்கலக் கொக்கி ஒரு டஜன் சும்மா கிடக்கிறது. சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.