புதுப்பிப்பு: அப்கிரேடுக்குப் பிறகு திறக்காத வெப்மின், காரணம் கிடைத்தது

முன்பு கேட்டது இதுதான்: மண்டபம் ஐஸ் கம்பெனியின் இரண்டு சர்வர்களையும் அப்கிரேடு செய்தேன். ஒன்றின் இயங்குதளம் டெபியன், மற்றதில் ஃப்ரீபிஎஸ்டி. சர்வரை பிரவுசரிலிருந்தே நிர்வகிக்க உதவும் வெப்மின், டெபியனில் ஒழுங்காக வந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் 10000 போர்ட்டில் எச்டிடிபிஎஸ் திறக்கவில்லை.

சரியாகிவிட்டது. ஃபயர்வாலைப் பார்க்கச் சொன்னீர்கள், அதில் ஒன்றுமில்லை. கீழக்கரை காக்கா (அண்ணன்) ஒருவர் மட்டும் "பெர்ல் மாறியிருக்கா, பாருங்க தம்பி" என்றார். அதேதான்.

வெப்மின் பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதியது. எச்டிடிபிஎஸ்ஸுக்கு நெட் எஸ்எஸ்லீ என்ற பெர்ல் மாட்யூல் (துணை நிரல்) வேண்டும். முன்பு இந்த ஃப்ரீபிஎஸ்டி சர்வரைப் பார்த்துக்கொண்டவர் அதைச் சிபான் (பெர்ல் மாட்யூல்களின் பொதுத் தொகுப்பு) வழியாகப் போட்டிருக்கிறார். ஃப்ரீபிஎஸ்டியில் கம்பைல் ஆன மாட்யூல்கள் பெர்ல் பதிப்பு எண் உள்ள ஃபோல்டருக்குள் உட்காரும். புது பெர்ல் பழைய ஃபோல்டரை எட்டிக்கூடப் பார்க்காது. ஃப்ரீபிஎஸ்டியில் மென்பொருள்களை நிறுவி அப்கிரேடு செய்யும் பிகேஜிக்கோ அப்படி ஒரு மாட்யூல் இருப்பதே தெரியாது. டெபியனில் அதே வேலையைச் செய்யும் ஏப்ட் வழியாக வந்ததால் பெர்லோடு சேர்ந்தே மாறிவிட்டது.

பிகேஜியில் நெட் எஸ்எஸ்லீயைப் போட்டு வெப்மினை ரீஸ்டார்ட் செய்தேன், திறந்துவிட்டது.

அப்புறம், டெபியன் குறிப்பை வைத்து அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டருக்குள் வெப்மினைத் தேடாதீர்கள். ஃப்ரீபிஎஸ்டியில் அது யூஎஸ்ஆர் லோக்கலுக்குக் கீழே உள்ள ஈடிசி. செர்டிஃபிகேட் எச்சரிக்கை இன்னும் வருகிறது. அது நாமே கையெழுத்திட்டுப் போட்டுக்கொண்ட செர்டிஃபிகேட், வரத்தான் செய்யும்.