சிபில் ரிப்போர்ட்டில் வரிசையாக 000, கட்டிய பணம் ஏறவில்லையா?

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
வணக்கம். பட்டறைக்குக் கம்பி இழுக்கும் மெஷின் வாங்க லோன் கேட்டுப் போனேன். ஸ்கோர் 662, முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். வண்டிக் கடனில் நான் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டை இறக்கிப் பார்த்தால் மாதாமாதம் கட்டம் கட்டமாக 000 என்றே இருக்கிறது. இரண்டு கட்டத்தில் மூன்று எக்ஸ் வேறு. ரசீதெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

ரிட்டயர்டு வங்கிக்காரர், அஸ்தம்பட்டி:
தம்பி, பயப்படாதீர்கள். அந்தக் கட்டத்தில் இருப்பது பணம் இல்லை, நாள். கெடு தேதிக்கு அப்புறம் எத்தனை நாள் பாக்கி நின்றது என்ற கணக்கு. 000 என்றால் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. எக்ஸ் என்றால் கடன் கொடுத்தவர் அந்த மாத விவரத்தை அனுப்பவில்லை, அவ்வளவுதான். ஸ்கோர் 300 முதல் 900 வரை போகும். உங்களுடையதை இழுத்துவிட்டது வேறு எதுவோ. ஒவ்வொரு கணக்காக விரல் வைத்துப் பாருங்கள். 000 இல்லாத எண் எங்கே இருக்கிறது? அந்தக் கணக்கில் உரிமை என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது?

கொலுசுப் பட்டறை:
கிடைத்துவிட்டது ஐயா. நான்காவது கணக்கு, பிக்கப் வேன் கடன். 030, அடுத்து 061. என்னிடம் வேனே கிடையாது! உரிமை என்ற இடத்தில் கேரண்டர் என்று இருக்கிறது. ஏற்காட்டில் மிளகு, காப்பி மூட்டை ஏற்றும் மச்சானுக்கு 2022-ல் ஜாமீன் கையெழுத்துப் போட்டது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஆட்சேபம் எழுதிப் போட்டால் நீக்குவார்களா?

ரிட்டயர்டு வங்கிக்காரர்:
மாட்டார்கள். பதிவு உண்மைதானே. தப்பான பதிவாக இருந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் முடிக்காவிட்டால் அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் கடன் கொடுத்தவரோ சிபிலோ தர வேண்டும். இங்கே பாக்கியைக் கட்டுவதுதான் வழி.

தறிக்காரர் வீடு, அம்மாபேட்டை:
அண்ணா, ஒன்று மட்டும் சொல்கிறேன். குறைத்துக் கட்டி முடிக்கலாம் என்று யாராவது கூப்பிட்டால் மச்சானைச் சம்மதிக்க விடாதீர்கள். என் போன் கடனை அப்படி முடித்தேன். "செட்டில்ட்", அதாவது முழுசாகக் கட்டாமல் முடித்தது என்று ஏறிவிட்டது. பிறகு விட்ட தொகையையும் கட்டி, பாக்கி இல்லை என்று சான்று வாங்கித்தான் "க்ளோஸ்டு" என்று மாற்ற முடிந்தது. சிபில் போலவே கடன் வரலாறு வைத்திருக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றும் இலவசம். நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

கொலுசுப் பட்டறை:
மச்சானிடம் பேசிவிட்டேன். மழையில் லோடு இல்லாமல் இரண்டு தவணை நின்றிருக்கிறது. என்னிடம் சொல்லக் கூச்சம். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுகிறேன். ஒரு தவணை அவர், ஒன்று நான். ரசீதோடுதான் இறங்குவேன்.